வால்மீகிக்குப் பக்கத்தில் கம்பன்

ஆகஸ்ட் மாதத்தில் மயிலாப்பூர் ஏவி.எம். ராஜேஸ்வரி திருமண மண்டபத்தில் கம்பன் விழா நடைபெறும். அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் கதை புதிதல்ல. தெரிந்த கதையைக் கம்பன் எங்கே மாற்றினான், ஏன் மாற்றினான் என்று கேட்கத்தான் வருகிறார்கள். ஒரு காவியத்திலிருந்து இன்னொரு காவியம் பிறக்கும் அதிசயமே அந்த மாற்றங்களில்தான் இருக்கிறது.

சீதையைக் கவரும் கட்டத்தைப் பாருங்கள். வால்மீகியின் இராவணன் ஒரு கையால் கூந்தலைப் பற்றி, மறு கையால் தொடையைப் பிடித்துத் தூக்குகிறான். ஆழ்வார்களின் பாசுரங்களில் ஊறிய தமிழ் நெஞ்சு இதைத் தாங்காது. கம்பனின் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான், விரல்கூடப் படவில்லை. மாற்றம் அத்தோடு நிற்கவில்லை. இலங்கையிலிருந்து திரும்பும் அனுமன் இராமனிடம், உன் தம்பி புல்லால் வேய்ந்த அதே சாலையில்தான் பிராட்டி இருக்கிறாள் என்கிறான். ஆரணிய காண்டத்தில் பெயர்த்த குடிசை, சுந்தர காண்டத்தில் கற்புக்குச் சாட்சியாகி நிற்கிறது! கம்பனின் கட்டுமானத் திறனுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் அவனே புனைந்ததும் அல்ல. வால்மீகியின் அகலிகை கண்ணுக்குத் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பனிடம் கல்லாகிறாள். திருப்பரங்குன்றத்து ஓவியங்களில் அவள் கல்லான காட்சி இருந்ததைக் கம்பனுக்கு முந்திய பரிபாடலே பேசுகிறது. வடமொழி மூலத்தோடு தமிழ்நாட்டில் வழங்கிய கதையையும் சேர்த்தே அவன் நெய்தான்.

ரோமில் வர்ஜில் செய்ததும் இதுவே. கி.மு. 19-இல் இறந்த அவர், தமது ஈனிட் காவியத்தின் 12 காண்டங்களில் முதல் ஆறில் ஹோமரின் ஒடிசியைப் போன்ற அலைச்சலையும், பின் ஆறில் இலியட்டைப் போன்ற போரையும் வைத்தார். இலியட்டில் இரண்டாம் வரிசை வீரனாக வரும் ஈனியாஸ் இங்கே நாயகன். ஒடிசியில் பாதாள உலகில் ஒடிசியஸ் சமாதானம் பேச, பகை மாறாத அஜாக்ஸ் பதில் சொல்லாமல் விலகிப் போகிறான். வர்ஜில் அந்த மௌனத்தை ஈனியாஸ் கைவிட்டதால் உயிரை மாய்த்துக்கொண்ட டைடோவுக்குக் கொடுத்தார். வீரனின் கோபம் காதலியின் வேதனையாயிற்று. ஹோமரை அறிந்த ரோமானியருக்கு அந்த இடம் இருமடங்கு வலித்திருக்கும். டைடோவின் காதலிலோ கிரேக்கக் கவிஞர் அப்பொல்லோனியஸ் பாடிய மெடியாவின் சாயலும் உண்டு. மூலம் ஒன்றே என்ற கணக்கு அங்கும் இல்லை.

இந்த உறவை முன்பே கண்டவர் வ.வே.சு. ஐயர். ஹோமர், வர்ஜில், மில்டன், வால்மீகி அனைவரோடும் கம்பனை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி, கம்பனுக்கே முதலிடம் தந்தார். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கம்பனைத் தனியே படிக்காதீர்கள். வால்மீகிக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. கம்பனில் ஒரு படலம், வால்மீகியில் அதே கட்டம் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஆரணிய காண்டத்திலிருந்தே தொடங்கலாம்.