பழைய தரவுத்தளங்களும் அவற்றைப் பேணும் முறையும்

எழுதப்பட்டவை யாவும் நிலைத்துவிடுவன அல்ல. காலந்தோறும் படியெடுக்கப்பட்டவையே நிலைத்தன. பனையோலையின் வரலாறு இதற்குச் சான்று. மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையிலே, கி. மு. முதலாம் நூற்றாண்டில், அதுகாறும் வாய்மொழியாய் வழங்கிவந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அன்று எழுதிய ஓலைகள் இன்று இல்லை. அவற்றின் படிகளுக்குப் படியானவையே உள. நம் சங்க நூல்களும் அவ்வாறே வந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியபொழுது அவர் கைக்கு வந்தவை செல்லரித்தும் ஓரஞ் சிதைந்தும் இருந்த ஏடுகளே. இன்னும் ஒரு தலைமுறை கழிந்திருப்பின் அவையும் கிடைத்திரா.

இக்காலத்தில் ஏட்டின் இடத்தைக் கணினிக் கோப்புப் பெற்றுள்ளது. 1990களிலும் அதன் பின்னரும் பாடசாலைகள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கோயிற் பரிபாலன சபைகள் எனப் பலவும் தத்தம் இடாப்புகளை மேசைக் கணினியிலே பதியத் தலைப்பட்டன. அப்பதிவுக்குப் பயன்பட்ட மென்பொருள்கள் பல இன்று ஆக்கியோராலேயே கைவிடப்பட்டுவிட்டன. கோப்பு இருக்கின்றது, அதனைப் படிக்கும் கருவி அருகிவருகின்றது. இந்நிலையிலுள்ள தரவுத்தளங்களின் நோயை அறிவதும், அவற்றைப் பேணுவதும், உரிய காலத்தில் வேறிடத்திற்கு மாற்றுவதும் எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏதோ கணினி வல்லாரின் தனித்தொழில் என்று கருதுவார் உளராயின், அவர் ஒன்றை நினைத்தல் வேண்டும். மாத்தளை மாவட்டத்திலே தோட்டப்புறப் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் பல. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினாற் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையும் உரிமைக்குக் காத்திருந்த மக்களின் வழிவந்தோர் அவர்கள். எழுத்திலுள்ள சான்றின் அருமையை அவர்களிலும் நன்கறிந்தார் இலர். பெயரும் பிறந்த நாளும் தந்தை பெயரும் அடங்கிய ஒரு வரி, அனுமதி இடாப்பில் ஓர் எண்ணின் எதிரே கிடப்பது, பின்னொரு நாளில் ஒருவருடைய வாழ்வுக்கே ஆதாரமாகலாம். அவ்வரி இப்பொழுது கணினியில் இருக்குமாயின், அதனைப் பேணுங் கடமையும் நம்முடையதே.

கோப்பின் அமைப்பு

மேசைக் கணினிக்குரிய தரவுத்தளங்களுள் முதலிற் பரவியது டிபேஸ் என்பதாகும். அமெரிக்காவிலே வெயின் ரட்லிவ் என்பார் 1970களின் இறுதியில் தொடங்கிய பணியிலிருந்து இது தோன்றியது. அஷ்ரன் டேற் என்னும் நிறுவனம் இதனை விற்பனை செய்தது. டிபேஸ் மூன்று 1984இல் வெளிவந்தது. இதே கோப்பமைப்பைத் தழுவி எழுந்த பொக்ஸ்புரோ, 1992இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் இறுதிப் பதிப்புக்கான ஆதரவும் 2015ஆம் ஆண்டுடன் முடிந்தது. 1992இல் அந்நிறுவனமே அக்செஸ் என்னும் தரவுத்தளத்தையும் வெளியிட்டது. நூலகங்களுக்கென யுனெஸ்கோ நிறுவனம் சிடிஎஸ்/ஐசிஸ் என்பதனை 1985இலிருந்து சிறுகணினிகளுக்கு வழங்கிற்று. அதன் விண்டோஸ் வடிவம் வின்ஐசிஸ் எனப்பட்டது.

இவற்றுள் டிபேஸ் கோப்பு மிக எளிய அமைப்பினது; ஆதலின் அதனைக் கொண்டே ஏனையவற்றின் இயல்பையும் உணரலாம். கோப்பின் தொடக்கத்தில் தலைப்பு உளது. எத்தனை பதிவுகள், ஒவ்வொரு பதிவும் எத்துணை நீளம், புலங்களின் பெயரும் அகலமும் யாவை என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். அதன் பின் பதிவுகள் யாவும் ஒரே நீளத்தனவாய், கட்டிலிட்ட ஓலைகள் போல, ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். ஒவ்வொரு பதிவின் முதலிடமும் நீக்கற் குறிக்கு உரியது. ஒரு பதிவை நீக்குமாறு பணித்தால் அஃது அழிவதில்லை. அவ்விடத்தில் ஓர் உடுக்குறி இடப்படுவதே நிகழும். ‘பேக்’ என்னுங் கட்டளை கொடுக்கப்படும் வரையில் அதனை ‘ரீகால்’ என்னுங் கட்டளையால் மீட்டுக்கொள்ளலாம். நீக்கிய பதிவு தேவையென்று பின்னர் உணர்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

தேடலை விரைவாக்கும் சுட்டிகள் வேறு கோப்பிலும், நீண்ட குறிப்புகள் மற்றொரு கோப்பிலும் இருக்கும். ஒன்றைப் படியெடுத்து மற்றையவற்றை விட்டுவிடுதல், ஏட்டை எடுத்துச் சுவடிக் கயிற்றை விட்டுவருவதினும் பெருந் தவறாம். அக்செஸோ இவையனைத்தையும் ஒரே கோப்பினுள் அடக்கி வைப்பது. எடுத்துச் செல்ல எளிது. பழுதுபடின் எல்லாம் ஒருங்கே பழுதுபடும்.

நோயும் அதன் காரணமும்

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து மருந்து செய்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. தரவுத்தளத்திற்கும் அதுவே நெறியாம். ஆயினும் இங்கே அவற்றினும் முற்பட்ட படி ஒன்றுண்டு: கோப்பு முழுவதையும் முதலிற் படியெடுத்து, மூலத்தைத் தொடாது, படியிலேயே மருந்து செய்தல். திருத்தும் முயற்சி தவறின் மீண்டுந் தொடங்குவதற்கு மூலம் வேண்டும் அன்றோ?

பழுதுக்குப் பெருங்காரணம் எழுதுந் தறுவாயில் மின் தடைப்படுதல். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை யாவரும் அறிவர். பதிவு எழுதப்பட்டு, தலைப்பிலுள்ள எண்ணிக்கை திருத்தப்படுமுன் மின் நின்றுவிடின், இரண்டும் ஒவ்வா. இதனைக் கணக்கினாலேயே கண்டுகொள்ளலாம். டிபேஸ் மூன்றிலே தலைப்பின் நீளம், புலங்களின் தொகையை 32ஆற் பெருக்கி 33ஐக் கூட்டினால் வருவது. புலங்கள் 20 எனின் 673 பைற்று. பதிவொன்று 150 பைற்று, பதிவுகள் 1,200 எனின் 1,80,000 பைற்று. இறுதிக் குறியுடன் கோப்பின் அளவு 1,80,674 ஆதல் வேண்டும். கோப்போ 1,80,974 பைற்று இருக்குமாயின், மிகுதியான 300 பைற்று யாது? இரு மாணவர், தலைப்பின் எண்ணிக்கையில் அகப்படாது, கோப்பின் கடைசியிலே நிற்கின்றனர் என்க. தலைப்பின் எண்ணைத் திருத்தியவுடன் அவர்கள் வெளிப்படுவர்.

பதிவு இருந்தும் தேடலில் அகப்படாவிடின், சுட்டிக் கோப்புப் பிழைபட்டதென ஐயுறுக. சுட்டியை நீக்கி மீள அமைத்தலே பரிகாரம்; அதனால் தரவுக்குக் கேடு வாராது.

அக்செஸ் கோப்பைத் திறக்கும்பொழுது வேறொருவர் அதனைப் பயன்படுத்துகின்றார் என்னுஞ் செய்தி வருமாயின், முதலிற் பிற கணினிகளில் அது திறந்திருக்கின்றதா என நோக்குக. எவரும் இலராயின், முன்னர் முறையாக மூடப்படாமையின் எஞ்சிய பூட்டுக் கோப்பே காரணம். அதனை அகற்றுதல் போதும். நாளடைவிற் கோப்புப் பருத்து மெதுவாக இயங்குமாயின், சுருக்கித் திருத்துங் கட்டளையைக் கொடுக்க. நீக்கிய பதிவுகளின் இடத்தை அக்செஸ் தானே விடுவிப்பதில்லை. பழைய பதிப்பில் 1 கிகாபைற்று, 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 2 கிகாபைற்று என்பது அதன் எல்லை. அட்டவணைகளை ஒரு கோப்பிலும் படிவங்களை வேறொரு கோப்பிலும் பிரித்து வைப்பது பழுதைக் குறைக்கும்.

கோப்பு நலமாயிருந்தும் திறவாமை மற்றொரு நோய். அக்செஸ் 97இல் ஆக்கிய கோப்பை 2013ஆம் ஆண்டுப் பதிப்பும் அதற்குப் பிந்தியனவும் திறவா. 2010ஆம் ஆண்டுப் பதிப்பையோ அதற்கு முந்திய ஒன்றையோ கொண்டு புதிய வடிவாக்கிக் கொள்ளல் வேண்டும். டொஸ் காலத்து மென்பொருள்களை 64 பிற்று விண்டோஸ் இயக்காது. டொஸ்பொக்ஸ் போன்ற போலிச் சூழலில் அவற்றை இயக்கலாம். பழைய கணினியின் கடிகாரம் தவறின், உள்ளிருக்கும் சிறு மின்கலத்தை மாற்றுக. இன்றேல் பதிவுகளின் நாட்குறிப்பு யாவும் பொய்யாகும்.

எழுத்தும் எண்ணும்

நிற்க. மேற்கூறியன எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழ்த் தரவுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. நம் நாட்டிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவிலே பதிந்த பெயர்கள், உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே கோப்பில் உள. ‘அ’ என்பது ‘எம்’ என்னுஞ் சிறிய ஆங்கில எழுத்தின் இடத்திலும், ‘க’ என்பது ‘எஃப்’ என்பதன் இடத்திலும் இருப்பன. ஆதலின் அகரவரிசைப்படுத்தினால் கந்தையா முன்னும் அருணாசலம் பின்னுமாய் நிற்பர்.

‘இ’ என்னும் உயிரெழுத்துக் காற்புள்ளியின் இடத்தில் அமைந்தது. இதனால் விளையுங் கேடு பெரிது. காற்புள்ளியாற் புலங்களைப் பிரிக்கும் உரைக்கோப்பாகத் தரவை வெளியேற்றி, மேற்கோட் குறிகளுமின்றிப் பிரிப்போமாயின், இராமநாதன், இந்திராணி முதலிய பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு புலம் புதிதாய் முளைக்கும். பிறந்த நாள் தந்தை பெயரின் கீழும், தந்தை பெயர் முகவரியின் கீழும் சென்றுவிடும். இத்தகைய தரவைத் தத்தற் குறியாற் பிரித்தே வெளியேற்றுதல் வேண்டும்.

மேலும், ‘க’ சிறிய எழுத்தாயின் ‘கு’ அதன் பெரிய எழுத்து. அக்செஸ் ஆங்கிலத்தின் சிறியதையும் பெரியதையும் ஒன்றெனவே கொள்ளும். ஆகவே கடலைத் தேடினாற் குடலும் வரும். மீள்பதிவைத் தடுக்கும் சுட்டி இருப்பின், இரண்டாவது பதிவு மறுக்கப்படவும் கூடும். யுனிகோட் முறைக்கு மாற்றுதலே இதற்கு மருந்து. மாற்றும்பொழுது ஆங்கிலத்தில் எழுதிய புலங்களை வேறாக்கி வைத்தல் இன்றியமையாதது. அன்றேல் ஆங்கில முகவரியும் பொருளற்ற தமிழாகிவிடும்.

எண்களிலும் விழிப்பு வேண்டும். ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதும் வழக்கத்தினால், பழைய விண்டோஸ் கணினியில் 29 வரையுள்ள எண்கள் 2000இன் பின்னரும், 30 முதலாயின 1900இன் பின்னருமாகக் கொள்ளப்பட்டன. 1928இற் பிறந்த ஆசிரியர் ஒருவரை 28 எனப் பதிந்தால் அவர் 2028இற் பிறக்கவிருப்பவராவர். தேசிய அடையாள அட்டை இலக்கமோ முன்னர் 9 இலக்கமும் ஓர் எழுத்துமாக 10 இடங்கொண்டது. 2016இலிருந்து 12 இலக்கமாயிற்று. 10 இடமே விட்ட பழைய புலத்தில் இறுதி இரண்டிலக்கமும் விடுபட, ஒரே நாளிற் பிறந்த இருவர் ஒருவரேபோலத் தோன்றுதலுங் கூடும். புதிய இலக்கத்தை எண்ணாகவன்றி எழுத்தாகவே பதிக. அதனைக் கூட்டுவாரும் கழிப்பாரும் இலர்.

இடம்பெயர்த்தல்

பேணுதலின் முடிவு பழைய மென்பொருளை என்றும் உயிருடன் வைத்திருத்தலன்று. தரவை அதனின்றும் விடுவித்தலேயாம். நாவுலவுக்கு அண்மையிலுள்ள நாலந்தாக் கெடிகே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திராவிடச் சிற்ப மரபிலமைந்த அக்கற்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலையிலிருந்தது. 1970களிலே அதனைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டு நிலத்திற் கொண்டுசென்று, 1980ஆம் ஆண்டளவில் மீள எழுப்பினர். எந்தக் கல் எங்கே இருந்தது என்னுங் குறிப்பின்றிப் பிரித்திருப்பின் எஞ்சியது கற்குவியலே ஆகும். நீர் ஏறிய பின் பிரிக்கவும் இயலாது.

தரவை மாற்றுவார்க்கும் இவ்விரண்டுமே விதி. புலங்களின் பெயர், அகலம், பொருள், சுருக்கக் குறிகளின் விளக்கம் யாவற்றையும் முதலில் எழுதிவைக்க. ‘எம்’ என்பது ஆணைக் குறிக்கின்றதா, மாத்தளையைக் குறிக்கின்றதா என்பதை அன்று பதிந்தவரே அறிவர். அவர் ஓய்வுபெறுமுன் கேட்டறிக. பின்னர் அட்டவணைகளை யுனிகோட் உரைக்கோப்பாக வெளியேற்றுக. நூலகப் பதிவாயின் ஐஎஸ்ஓ 2709 என்னும் பொது வடிவில் வெளியேற்ற வின்ஐசிஸில் வழியுண்டு. மாற்றிய பின், பதிவுகளின் தொகை இரு பக்கத்தும் ஒத்துளதா என எண்ணுக. அங்குமிங்குமாகச் சில பதிவுகளை எடுத்துக் கையெழுத்து இடாப்புடன் ஒப்புநோக்குக. மூலக்கோப்பையும் எறியற்க.

படிகள் ஒரே கூரையின்கீழ் இருத்தலும் ஆகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் உடனெரிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் வெள்ளமும் மண்சரிவும் மலைநாட்டைத் தாக்கின. ஒரு படி அலுவலகத்திலும், ஒரு படி வேறு ஊரிலும், அச்சிட்ட படியொன்று பெட்டகத்திலும் இருத்தல் நலம். ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து படித்துப் பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத படி, படி இருக்கின்றது என்னும் நம்பிக்கையேயன்றிப் படியாகாது.

மாணவர்களே! தகவல் தொழினுட்பப் பாடத்தில் முதன்மைச் சாவியும் அட்டவணையும் கற்கின்றீர்கள். அக்கல்விக்கேற்ற பணி உங்கள் ஊரிலேயே காத்திருக்கின்றது. நூலகத்தின் மூலையிலும் கோயில் அலுவலகத்திலும் துணி மூடிக் கிடக்கும் பழைய கணினியுள் எவருடைய பெயர்கள் உறங்குகின்றன என்று பொறுப்பாளரைக் கேளுங்கள். அவர் இசைவுடன் படியெடுங்கள். வன்தட்டு இன்று சுழல்கின்றது. அடுத்த ஆண்டும் சுழலும் என்பதற்கு உறுதியில்லை.