'வெயிட்டே தூக்கலையே, அப்புறம் ஏன் கை வலிக்குது?'

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போனால், பூ கட்டுபவரின் விரல்களை ஒரு நிமிடம் கவனியுங்கள். பூவை எடுத்து, வைத்து, நூலைச் சுற்றி இழுக்கிறார். கையில் இருப்பது சில கிராம் எடைதான். ஆனால் நிமிடத்துக்கு 10 முடிச்சு என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்தில் 600 ஆகிவிடும். அப்புறம் மணிக்கட்டு வலித்தால், "வயசாயிடுச்சு"ன்னு சொல்லி தைலம் தேய்ச்சுக்கிறோம்.

இந்த ஆபத்தை அளக்க மலேசியாவில் ஒரு முறை இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ், இதற்கென 2017இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது.

முதல் வேலை, தொழிலாளியிடம் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்பது. பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் வந்து வேலையைப் பார்ப்பார். ஒரே அசைவு நிமிடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வருகிறதா? விரல், மணிக்கட்டுக்கு ஓயாத வேலையா? ஆமாம் என்றால், நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, இடைவேளையே இல்லாமல் 1 மணி நேரத்துக்கு மேலோ செய்தால் அது ஆபத்துக் கணக்கில் சேரும். நம்ம பூக்கடை எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். இப்படிச் சேரும் புள்ளிகள் அதிகமானால், இன்னும் நுணுக்கமான இரண்டாம் கட்ட மதிப்பீடு தேவைப்படும்.

பெட்டி தூக்கும் வேலையிலும் இதே கதைதான். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண் இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டித் தூக்க 25 கிலோ வரை பரவாயில்லை, பெண்ணுக்கு 16. ஆனால் நிமிடத்துக்கு ஓரிரு முறை தூக்கினால் அதில் 30% குறைக்க வேண்டும். 5 முதல் 8 முறை என்றால் பாதி. 12 முறையைத் தாண்டினால் 80% குறைத்து, ஆணுக்கே வெறும் 5 கிலோதான்! பெட்டி அதேதான், வேகம்தான் மாறியது.

"வழிகாட்டிதானே, சட்டமா?" என்று முதலாளி கேட்கலாம். திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆபத்து மதிப்பீடு செய்வது இப்போது முதலாளியின் கடமை. சட்டப்படியான பொதுக் கடமைகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதமும் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகிவிட்டது.

ஆனா ஒண்ணு. கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில் வந்து ஃபாரத்தில் டிக் போட்டுவிட்டுப் போனால் பிரயோஜனமில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் வந்து பார்க்கணும். வேலையை மாற்றிக் கொடுப்பதும் அப்படித்தான். பூ கட்டுபவரை மூன்று மணி நேரம் கழித்து இலை நறுக்க உட்கார வைத்தால், அதே மணிக்கட்டுக்குத்தான் மறுபடியும் வேலை.

உங்க அம்மாவோ அண்ணனோ இப்படி வேலை செய்கிறாரா? அவர் சம்மதத்தோடு, பக்கவாட்டில் நின்று ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை அசைவு, இடைவேளை எப்போது என்று எண்ணி எழுதுங்கள். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் காட்டுங்கள். சின்னக் கடை என்றால் முதலாளியிடமே பேசலாம். ராத்திரியில் விரல் மரத்துப்போகுது என்றால் கிளினிக் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். என்ன வேலை, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் டாக்டரிடம் சொல்லி, பதிவு செய்யச் சொல்லுங்கள். தொழில் நோய்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. கோரிக்கை வைக்கும்போது அந்தப் பதிவு தேவைப்படும்.