வாடகை உடை தொலைந்தால் பொறுப்பு யாருடையது?

திருமண மண்டபத்தின் வாசலில், நிறைகுடத்துக்கு அருகே கோட்டும் சூட்டும் அணிந்து நின்று விருந்தினரை வரவேற்கும் இளைஞரைக் காண்போரில் எத்தனை பேர், அந்த உடை மறுநாள் மாலைக்குள் கடைக்குத் திரும்ப வேண்டிய ஒன்று என்பதை அறிவர்? மாப்பிள்ளையின் கோட்டு, மணமகளின் வரவேற்புச் சேலை, கண்டிய மணமகனின் நிலமே உடை, பட்டமளிப்பு விழா அங்கி என ஒரு நாள் தேவைக்கான உடைகளை வாடகைக்குப் பெறுவது இன்று நகரங்களில் மட்டுமன்றி கிராமங்களிலும் வழமையாகிவிட்டது. அதில் தவறேதும் இல்லை. ஒரு நாள் அணிவதற்காகப் பல மாதச் சம்பளத்தைச் செலவிடுவதை விட இது புத்திசாலித்தனமானதே. ஆனால் அந்த உடை தொலைந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி, பற்றுச்சீட்டில் கையொப்பமிடும் வேளையில் எவரும் சிந்திப்பதில்லை.

அண்மையில் எமது கவனத்துக்கு வந்த ஒரு சம்பவம் இதனை எழுதத் தூண்டியது. மேசன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தமது திருமண வரவேற்புக்காக 6,000 ரூபா வாடகைக்கும் 10,000 ரூபா வைப்புப் பணத்துக்கும் ஒரு கோட் சூட்டைப் பெற்றிருந்தார். விருந்து முடிந்து, உடை வைத்திருந்த பை வாடகை வானில் ஏற்றப்பட்டது. வீடு வந்து சேர்ந்தபோது பையைக் காணவில்லை. மூன்று வாரங்கள் அலைந்து தேடிய பின்னர் கடைக்குச் சென்றவரிடம், புதிய உடையின் விலை 50,000 ரூபாவும், நாளொன்றுக்கு 750 ரூபா வீதம் 20 நாள் தாமதக் கட்டணம் 15,000 ரூபாவும் கேட்கப்பட்டது. வைப்புப் பணம் போக மீதி 55,000 ரூபாவைத் தராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு செய்யப்படும் எனவும் கூறப்பட்டது. பயந்துபோன குடும்பம், புதுமணப் பெண்ணின் காப்பை அடகு வைத்துப் பணத்தைச் செலுத்தியது. ஆறு வாரங்களின் பின் வானின் பின்புற ஆசனத்துக்கு அடியில் பை கண்டெடுக்கப்பட்டது. கடைக்காரர் உடையை வாங்கிக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இந்தச் சம்பவத்தில் சட்டம் என்ன சொல்கிறது? அந்த இளைஞருக்குப் பொறுப்பே இல்லை என வாதிடுவது எமது நோக்கமன்று. பொறுப்பு இருந்தது. அதன் அளவு எவ்வளவு என்பதே கேள்வி.

இலங்கையில் பொருட்களின் விற்பனையை 1896 ஆம் ஆண்டு முதல் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய கட்டளைச் சட்டம் ஒன்று ஆள்கிறது. ஆனால் அசையும் பொருளொன்றை வாடகைக்குக் கொடுப்பதும் பெறுவதும் பெரும்பாலும் உரோமன் டச்சுப் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவையே. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இச்சட்டத்தை, 1799 ஆம் ஆண்டின் பிரகடனம் மூலம் ஆங்கிலேயர் தொடர்ந்தும் நடைமுறையில் வைத்தனர். ஒருவர் இன்னொருவரின் பொருளைக் கையில் வைத்திருக்கும்போது எந்த அளவு கவனம் செலுத்த வேண்டும் என்பதை அச்சட்டம் நுணுக்கமாகப் பிரித்துக் கூறுகிறது.

வாடகை கொடுத்துப் பொருளைப் பெற்றவர், பொறுப்புள்ள ஒரு குடும்பத் தலைவர் தமது உடைமையில் காட்டக்கூடிய கவனத்தைக் காட்ட வேண்டும். இரவலாக, அதாவது கட்டணமின்றிப் பெற்றவர் அதனிலும் கூடுதலான கவனத்துக்குக் கட்டுப்பட்டவர். மாறாக, கூலி எதுவுமின்றி மற்றவரின் பொருளைக் காத்து வைத்திருக்க உடன்பட்டவர் பாரதூரமான கவனயீனத்துக்கு மட்டுமே பொறுப்பாவார். அக்காவிடம் இரவல் வாங்கிய பட்டுச் சேலைக்கு, கடையில் வாடகைக்கு எடுத்த சேலையை விடக் கூடிய பொறுப்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நன்மை முழுவதும் யாருக்கோ அவருக்கே சுமையும் அதிகம் என்பதே இதன் அடிப்படை.

எனவே உடை தொலைந்தது என்பதாலேயே வாடகைக்குப் பெற்றவர் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. கவனயீனத்தால் தொலைந்திருந்தால் அவர் பொறுப்பாளி. பூட்டிய வீட்டை உடைத்துத் திருடர் கொண்டு சென்றாலோ, வெள்ளத்தில் வீடே அடித்துச் செல்லப்பட்டாலோ அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைத் திருப்பித் தர இயலாதவரே, அது தமது தவறால் தொலையவில்லை எனக் காட்ட வேண்டியவர். ‘எப்படித் தொலைந்தது என்று தெரியாது’ என்ற பதில் அவரைக் காப்பாற்றாது. அத்துடன், எவ்வாறு தொலைந்தாலும் பெற்றவரே பொறுப்பு என ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டு அவர் கையொப்பமிட்டிருந்தால் நிலைமை மாறும். இதனாலேயே பற்றுச்சீட்டின் பின்பக்கத்துச் சிறு எழுத்துக்களை வாசிக்க வேண்டும் என வலியுறுத்துகிறோம்.

அடுத்து, நட்டஈட்டின் அளவு. நட்டமடைந்தவரை நட்டம் நேராத நிலைக்குக் கொண்டுவருவதே நட்டஈட்டின் நோக்கம். அதற்கு மேல் அவரைச் செல்வந்தராக்குவதன்று. நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு விடப்பட்டு, பல தடவை சலவை கண்ட ஒரு கோட்டின் பெறுமதி புதிய கோட்டின் விலை ஆகாது. தொலைந்த நாளில் அந்தப் பழைய உடைக்கு இருந்த பெறுமதியே அடிப்படை. அதனுடன், ஏற்கெனவே வேறொருவருக்குப் பதிவு செய்யப்பட்டிருந்து கைநழுவிய வாடகை இருப்பின், அதனையும் கடைக்காரர் நியாயமாகக் கோரலாம்.

எடுத்துக்காட்டாக, மேற்கூறிய உடையின் அன்றைய பெறுமதி 20,000 ரூபா எனவும் கைநழுவிய பதிவு ஒன்று எனவும் கொண்டால், மொத்தம் 26,000 ரூபா. வைப்புப் பணத்தைக் கழித்தால் செலுத்த வேண்டியது 16,000 ரூபா. கேட்கப்பட்டதோ 55,000 ரூபா.

தாமதக் கட்டணம் தனியே நோக்கப்பட வேண்டியது. உடை இனி வராது எனத் தெரிந்து அதன் பெறுமதி கோரப்பட்ட பின்னரும் நாட்கணக்கில் வாடகை ஏற்றுவது, ஒரே நட்டத்துக்கு இருமுறை பணம் கேட்பதாகும். ஒப்பந்தத்தில் தண்டத்தொகை எழுதப்பட்டிருந்தால்கூட அது கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. இலங்கையிலிருந்து சென்ற வெப்ஸ்டர் எதிர் பொசன்குவெற் வழக்கில், தேயிலை விற்பனை உடன்படிக்கை ஒன்றை மீறியமைக்கான 500 பவுண் தொகையை 1912 ஆம் ஆண்டு கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. எனினும், ஒப்பந்தத்தில் எந்தச் சொல் பயன்படுத்தப்பட்டிருந்தாலும், தொகை மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகவும் மிகையானதாகவும் உள்ளதா என்பதே உரைகல் என்ற கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ‘இது எங்கள் கடையின் சட்டம்’ என்பது இறுதி வார்த்தை அல்ல.

வைப்புப் பணம் பற்றியும் இரு தரப்பிலும் தவறான எண்ணம் உண்டு. வைப்புப் பணத்தை விட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது எனப் பெற்றவர் நினைக்கிறார். எந்தக் குறைக்கும் முழு வைப்பையும் வைத்துக்கொள்ளலாம் எனக் கடைக்காரர் நினைக்கிறார். ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து இரண்டும் சரியல்ல. அது ஒரு பிணை மாத்திரமே. நட்டம் அதனிலும் கூடினால் மீதியைச் செலுத்த வேண்டும். குறைந்தால் மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

உடையைத் தொலைத்தவர் சலவை நிலையமாக இருந்தால்? கடைக்காரரைப் பொறுத்தவரை உடையைப் பெற்றவரே பதில் சொல்ல வேண்டியவர். அவர் பின்னர் சலவை நிலையத்திடம் கோரலாம். ‘பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற அச்சிட்ட வாசகத்தைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் கீழ், வர்த்தகர் தமது கவனயீனத்துக்கான பொறுப்பை இவ்வாறான வாசகத்தால் விலக்குவது நியாயமானதா என்பது ஆராயப்படும். சேவைகள் உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வலியுறுத்துகிறது.

பொலிஸ் என்ற அச்சுறுத்தலுக்கு வருவோம். தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றவியல் நம்பிக்கை மோசடிக்கு நேர்மையற்ற எண்ணம் இன்றியமையாதது. தொலைத்தல் குற்றமன்று, அது குடியியல் பிணக்கு. ஆயினும் தொலைத்தவர் மறைந்து திரிவதும், தொலைபேசியைத் துண்டிப்பதும், பொய்க் காரணம் கூறுவதும் அந்த எண்ணம் பற்றிய ஐயத்தைத் தாமே வரவழைத்துக்கொள்வதாகும். அந்த இளைஞர் செய்த பெரிய பிழை பையை மறந்தது அல்ல, மூன்று வாரங்கள் கடைக்கு அறிவிக்காமல் இருந்ததே. முதல் நாளே அறிவித்திருந்தால் கடைக்காரர் அடுத்த பதிவுக்கு மாற்று ஏற்பாடு செய்திருப்பார். நட்டமும் குறைந்திருக்கும்.

இனி, கண்டெடுக்கப்பட்ட உடை. இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமச் சட்ட அறிஞர்கள் இதனை ஆராய்ந்துள்ளனர். துணி வெளுப்பவர் ஒருவர் வாடிக்கையாளரின் உடைகளைத் தொலைத்து அவற்றின் பெறுமதியைச் செலுத்துகிறார். பின்னர் உடைகள் உரிமையாளருக்கே கிடைத்துவிடுகின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்கலாம் என்பதே காசியஸ் என்ற அறிஞரின் விடை. உல்பியன் அதனை எடுத்தாள, 533 ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பில் அது இடம்பெற்றது. பொருளும் பணமும் ஒருவரிடமே தங்குவதற்கு நியாயம் இல்லை என்பதே காரணம். காரணமின்றிச் செல்வம் சேர்த்தலைத் தடுக்கும் இக்கோட்பாடு உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக எம்மிடமும் வந்துள்ளது. கைநழுவிய வாடகையையும் உடைக்கு ஏற்பட்ட சேதத்தையும் கழித்து மீதியை அந்த இளைஞர் கோரலாம். எழுத்திலான ஒப்பந்தமாயின் ஆறு ஆண்டுகளும் வாய்மொழி ஒப்பந்தமாயின் மூன்று ஆண்டுகளும் 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அவகாசம் தருகிறது.

இதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டுமா என்ற தயக்கம் நியாயமானதே. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் இத்தகைய சிறு தொகைப் பிணக்குகளுக்கே உரியவை. அங்கு சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றத்தை நாடலாம்.

வாடகைக்கு உடை பெறுவோர் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்வது நன்று. உடையின் இன்றைய பெறுமதியைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். கோட்டு, காற்சட்டை, கழுத்துப்பட்டி, தலைப்பாகை, ஆபரணம் என ஒவ்வொன்றையும் எண்ணிப் பட்டியலிட்டுப் புகைப்படம் எடுங்கள். விழா முடிந்ததும் உடைக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். தொலைந்தால் அன்றே கடைக்குச் சொல்லி, குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். களவு எனச் சந்தேகித்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். கோரப்படும் தொகைக்கு விபரம் கேளுங்கள். பணம் செலுத்தினால், உடை பின்னர் கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கடை நடத்துவோரையும் நாம் குறை கூற முற்படவில்லை. அவர்களில் பலர் கடன்பட்டு நாலைந்து உடைகளை முதலாக வைத்துத் தொழில் செய்யும் சிறு முயற்சியாளர்கள். ஒரு முகூர்த்த நாளில் ஓர் உடை வராவிடில் இன்னொரு குடும்பம் வாசலில் வந்து நிற்கும். அந்த அவமானத்தையும் அவர்களே தாங்க வேண்டும். அவர்களது நட்டம் முழுமையாக ஈடுசெய்யப்பட வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கு மேல் ஒரு ரூபாவேனும் பெறுவதற்குச் சட்டமும் இடமளிக்கவில்லை, அறமும் இடமளிக்கவில்லை. ஒரு மாலை நேரத்துக் கோட்டுக்காக ஒரு பெண்ணின் காப்பு இன்னமும் அடகுக் கடையில் கிடக்கிறது. அது மீட்கப்பட வேண்டும்.