ஐசி ஏன் வெடித்தது?

திருவிழாக் காலம் வந்துவிட்டால் சப்ரகமுவத் தோட்டங்களில் கிட்டார் எம்ப்ளிபயருக்கு ஓய்வு கிடையாது. பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகல என்று எந்தப் பக்கம் போனாலும், லயத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவிடம் இருப்பது அனேகமாக ஒரே பெட்டிதான். மாரியம்மன் திருவிழா, கல்யாண வீடு, சடங்கு வீடு, தேவாலய ஆராதனை எல்லாவற்றுக்கும் அதுவே போகும். ஒருநாள் பாதிப் பாட்டில் “டப்” என்ற சத்தத்தோடு அது நின்றுவிடும். திறந்து பார்ப்பவர் “ஐசி போயிட்டு” என்பார். புது ஐசி போடுவார்கள். அடுத்த கச்சேரியிலேயே அதுவும் போய்விடும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வருமானத்தில் புது எம்ப்ளிபயர் வாங்குவது லேசான காரியமல்ல. பெட்டியைத் திருத்தித்தான் ஆகவேண்டும், ஒரே தடவையில் சரியாகத் திருத்தவேண்டும். பவர் ஐசி தானாகச் சாவது அபூர்வம். அதைச் சாகடித்தது எது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பற்றவைப்பது காசைக் கரியாக்கும் வேலை.

கிட்டார் கம்பியின் அதிர்வை பிக்கப் சிறிய மின்சைகையாக மாற்றுகிறது. அதன் அழுத்தம் ஒரு வோல்ட்டின் ஒரு சிறு பங்குதான். முன்பகுதிச் சுற்று அதை வளர்த்து, சத்தம், தொனி எல்லாம் சேர்த்து அனுப்பும். அந்தச் சைகைக்கு ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளும் பலத்தைக் கொடுப்பது பவர் ஐசி. டீடீஏ 2030, டீடீஏ 2050, எல்எம் 1875 ஆகியவை ஐந்து காலுள்ள சிறியவை. எல்எம் 3886, டீடீஏ 7294 போன்றவை பதினொன்று, பதினைந்து காலுள்ள பெரியவை. உள்ளே இருக்கும் தத்துவம் ஒன்றுதான். ஒரு திரான்சிற்றர் நேர் மின்வழங்கலிலிருந்து ஸ்பீக்கரைத் தள்ளும், மற்றது மறை மின்வழங்கலிலிருந்து இழுக்கும். இழுவாளின் இரு முனையையும் பிடித்த இருவர் மாறி மாறி இழுப்பது போன்ற வேலை இது. பாட்டு இல்லாத நேரத்தில் வெளியீட்டுக் காலில் ஏறக்குறைய பூச்சிய வோல்ட் இருக்கும்.

இரண்டில் ஒன்று எரிந்து ஷோர்ட் ஆனால், மின்வழங்கல் முழுவதும் நேரோட்டமாக ஸ்பீக்கருக்குள் பாயும். 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளில் உண்மையான தடை சுமார் 6 ஓம். 25 வோல்ட் அதில் நின்றால் 100 வொட்டுக்கு மேல் வெப்பம். கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நிற்கும். சத்தமில்லாமல் சுருள் கருகும். ஆகவே பழுதான பெட்டியில் முதலில் கழற்ற வேண்டியது ஸ்பீக்கர் வயர். பரிசோதனை முடிந்து, வெளியீட்டில் நேரோட்டம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதை மீட்டரில் பார்த்த பிறகுதான் அதை மறுபடி மாட்டலாம்.

ஐசியின் கொலைகாரர்களில் முதலாவது, கூடுதல் ஸ்பீக்கர். கூட்டம் பெரிதென்று இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சமாந்தரமாக மாட்டுகிறார்கள். சுமை 4 ஓம் ஆகிறது. நேர் 25, மறை 25 வோல்ட்டில் ஓடும் ஐசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8 ஓமில் அது தனக்குள் வெப்பமாக இழக்கக்கூடிய உச்ச அளவு சுமார் 16 வொட். 4 ஓமில் அது 32 வொட். ஐசியின் உட்பகுதியிலிருந்து வெளிக்காற்று வரை ஒரு வொட்டுக்கு 4 பாகை செல்சியஸ் வெப்பநிலை ஏறுகிறது என்று வையுங்கள். 32 பாகை வெக்கையில் 8 ஓமுக்கு உள்வெப்பநிலை 100 பாகைக்குள் நிற்கும். 4 ஓமுக்கு 160 பாகையைத் தொடும். இத்தகைய ஐசிகள் பலவற்றுக்கு எல்லை 150 பாகை. இதே பெட்டி வீட்டில் ஒத்திகையில் ஒழுங்காக ஓடி, கோயில் முற்றத்தில் மட்டும் படுத்துவிடுவது இந்தக் கணக்கினால்தான்.

இதில் பலர் நம்ப மறுக்கும் ஓர் உண்மையும் இருக்கிறது. ஐசி மிக அதிகமாகச் சூடாவது முழுச் சத்தத்தில் அல்ல. தொடர்ச்சியான சைன் அலைக்குக் கணக்குப் பார்த்தால், உச்ச வெளியீட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் போகும்போதுதான் உள்வெப்பம் உச்சத்துக்கு வருகிறது. “பாதிச் சத்தத்தில்தானே வைத்தோம், எப்படிப் போகும்?” என்ற கேள்விக்கு விடை இதுதான். கிட்டாரை டிஸ்டோர்ஷனில் போட்டு முழுதாகத் திருகும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. அப்போது ஐசியை விட ஸ்பீக்கருக்கே ஆபத்து கூடுதல்.

வெப்பம் வெளியேறும் வழியும் சரியாக இருக்கவேண்டும். மேலே சொன்ன ஐசிகளின் முதுகுத் தகடு பெரும்பாலும் மறை மின்வழங்கலோடு உள்ளே இணைந்திருக்கிறது. எர்த்தோடு சேர்ந்த ஹீட்சிங்க்கில் அதை முறுக்க வேண்டுமானால் நடுவில் மைக்காத் தகடு அவசியம். மைக்காவின் இரு பக்கமும் வெள்ளைப் பசை மெல்லியதாகப் பூசவேண்டும். மைக்காவை மறந்தால் உடனே ஷோர்ட். பசையை மறந்தால் மரணம் கொஞ்சம் பிந்தி வரும். ஆணியை முறுக்கிய பிறகு, தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே மீட்டர் வைத்துத் தொடர்பில்லை என்று பார்க்காமல் பிளக்கைக் குத்தக்கூடாது.

அடுத்தது கரண்ட். 230 வோல்ட்டில் நேர் 22, மறை 22 வோல்ட் தரும் மின்வழங்கல், ஜெனரேட்டர் 260 வோல்ட்டுக்கு எகிறினால் ஏறக்குறைய 25, 25 தரும். டீடீஏ 2050இன் உச்ச எல்லையே அதுதான். சாதாரண டீடீஏ 2030இன் எல்லை 18, அதன் ‘ஏ’ வகைக்கு 22. மூன்றும் ஒரே கால் அமைப்புக் கொண்டவை. ஆகவே 2050 இருந்த இடத்தில் 2030ஐப் போட்டால் அது அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் செத்துவிடும். கடையில் “இதுவும் அதுவும் ஒண்ணுதான்” என்று சொன்னால் ஏற்காதீர்கள். எல்எம் 1875 நேர் மறை 30 வரை தாங்கும் என்பதால் 2050க்கு மாற்றாக அது நல்ல தெரிவு. பழைய வகைகள் சிலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டதால், வேறு ஐசியின் மேல் பெயரை அழித்து அச்சிட்ட போலிகள் உலகச் சந்தை முழுக்கத் திரிகின்றன என்பதையும் மனதில் வைக்கவேண்டும்.

சப்ரகமுவ மாகாணத்தின் வானத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இரத்தினபுரி நாட்டின் மிக ஈரமான நகரங்களில் ஒன்று. ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடிமுழக்கம். மின்னல் நேரடியாக விழவேண்டியதில்லை. தூரத்துக் கம்பியில் விழுந்தாலே ஐசியைச் சாகடிக்கப் போதும். மழைக்காலத்தில் பிளக்கை மட்டுமல்ல, நீளமான கிட்டார் வயரையும் கழற்றி வைப்பது நல்லது.

பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெரிய கொள்ளளவிகளை 100 ஓம், 5 வொட் தடையொன்றின் வழியாக வெறுமையாக்கவேண்டும். திருப்புளியால் ஷோர்ட் பண்ணும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிறகு ஐசியின் வெளியீட்டுக் காலுக்கும் இரண்டு மின்வழங்கல் கால்களுக்கும் இடையே தடை பார்க்கவேண்டும். ஓரிரு ஓம் காட்டினால் ஐசி போய்விட்டது உறுதி. அத்தோடு நிற்காமல் சீராக்கும் இருவாயிகளையும், வெளியீட்டிலிருந்து எர்த்துக்குப் போகும் சின்னத் தடையையும் கொள்ளளவியையும் பார்க்கவேண்டும். அந்தத் தடை கருகியிருந்தால், ஐசி காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே அலைவுற்றிருக்கிறது என்று அர்த்தம். பாட்டே இல்லாமல் சூடாகும் பெட்டிகளில் இதுதான் பல தடவை குற்றவாளி. 100 ஹேர்ட்ஸ் உறுமல் முன்பே இருந்ததென்றால் பெரிய கொள்ளளவிகள் காய்ந்திருக்கலாம்.

புது ஐசி போட்ட பின் முதல் தடவை நேரடியாகக் கரண்ட் கொடுக்காதீர்கள். 60 அல்லது 100 வொட் பழைய இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. 100 வொட் குமிழின் தடை குளிர்ந்த நிலையில் சுமார் 40 ஓம், பிரகாசமாக எரியும்போது 529 ஓம். உள்ளே ஷோர்ட் இருந்தால் குமிழ் முழு ஒளியில் எரிந்து கரண்ட்டைத் தானே மட்டுப்படுத்தும், ஐசி தப்பும். எல்லாம் சரியென்றால் கொள்ளளவிகள் நிரம்பும் கணத்தில் ஒரு மின்னல், பிறகு மங்கல். நூறு ரூபாய்ச் சாமான் ஆயிரம் ரூபாய்ச் சாமானைக் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு பட்டறையும் வைத்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: குமிழ் பெட்டியைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. டிரான்ஸ்போமரின் 230 வோல்ட் பக்கம் உயிரைக் குடிக்கும்; அனுபவமில்லாதவர்கள் அதில் கை வைக்கவே கூடாது.

உங்கள் குழுவின் பெட்டிக்குப் பின்னால் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பதை இன்றே பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் பெயின்ட்டால் பெரிதாக எழுதி வையுங்கள். பட்டறைக்குக் கொடுத்தால் கழற்றிய பழைய ஐசியைத் திருப்பிக் கேளுங்கள். அது ஏன் போனது என்றும் திருத்தியவரிடம் கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவரிடம் மட்டும் அடுத்த தடவையும் கொடுங்கள்.