மட்டம் பார்த்த பிறகே மரம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையின் மேல் மட்டும் ஆண்டில் ஏறக்குறைய 2,67,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று கணக்கு வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் 22 லோடு. கார்த்திகையில் அதை மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்துவிட்டு, சித்திரையில் புல்தரை காய்கிறதே என்று தண்ணீர் லாரிக்குப் போன் செய்கிற வீடுகளை ஒரகடம், வல்லக்கோட்டைப் பக்கம் புதிதாக எழுந்த மனைப்பிரிவுகளில் பார்க்கலாம். பெரிய வளாகங்களிலும் இதே கதைதான். லாரிகளின் எண்ணிக்கை மட்டும் கூடும்.

வல்லக்கோட்டை என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஏழடி உயர முருகனும் வஜ்ர தீர்த்தமும்தான். கோயிலை விட்டு வெளியே வந்தால் கன்டெய்னர் லாரிகள். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் சுமார் 400 ஏக்கரில் டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் சந்திப்பைச் சுற்றி ஆலைகள் வந்தன. ஆலைகளைத் தொடர்ந்து குடியிருப்புகளும் விடுதிகளும் வில்லாக்களும் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் கொஞ்சம் பச்சை வேண்டும். ‘லேண்ட்ஸ்கேப்பிங் செய்து தரப்படும்’ என்ற பலகை இப்போது டிரைவிங் ஸ்கூல் பலகைக்குச் சமமாகத் தொங்குகிறது.

பெரும்பாலான தோட்டங்கள் நர்சரியில் தொடங்குகின்றன. பூத்திருக்கும் செடியைப் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, வாங்கி வந்த பிறகு எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். இந்தப் பகுதியில் தோட்டம் தாலுகா அலுவலகத்தில் தொடங்க வேண்டும். மனையின் எஃப்எம்பி என்னும் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால், அந்த நிலம் நஞ்சையா புஞ்சையா, பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா, எந்த ஏரியின் ஆயக்கட்டு என்பது தெரிந்துவிடும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போவது இப்படித்தான். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது, வரைபடத்தில் மெல்லிய கோடாக இருந்த பல வாய்க்கால்கள் வீட்டு வரவேற்பறைக்குள் ஓடின.

வாய்க்காலுக்கு நாம் போட்ட மதில் தெரியாது. ஆகவே மனைக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மேஸ்திரியிடம் இருக்கும் டியூப் லெவலே போதும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டம் எடுத்து, தாளில் எழுதி, நல்ல மழை பெய்யும் ஒரு நாள் குடையோடு போய் அதைச் சரிபார்த்தால் பாதி வடிவமைப்பு முடிந்தது. மண் பரப்புக்கு நூறு அடிக்கு இரண்டடியாவது சரிவு வேண்டும். அந்தச் சரிவு வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலை நோக்கியும் போகக் கூடாது. சரிவின் முடிவில் ஒன்றரை அடி ஆழத்தில் அகலமான ஒரு தாழ்வைத் தோண்டிவிட்டால், மழைக்காலத்தில் நீர் நிற்கும், கோடையில் அதே இடத்தில் பிள்ளைகள் விளையாடலாம். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அது குழாய்க்குக் கீழே ஒரு குழியோடு நின்றுவிட்டது. தோட்டத்தையே சேகரிப்பாக மாற்ற முடியும் என்ற யோசனை இன்னும் பரவவில்லை.

சிங்கப்பூர் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளியும் ஆறாக்கி, 2012இல் திறந்தார்கள். சாதாரண நாட்களில் மக்கள் கரையில் நடக்கிறார்கள், சிறுவர்கள் காலை நனைக்கிறார்கள். பெருமழை வந்தால் எச்சரிக்கை ஒலிக்கிறது, மக்கள் மேடேறுகிறார்கள், பூங்காவே வெள்ள வடிகாலாகிறது. வருகிற வெள்ளத்துக்கு இடம் விட்டு வரைந்த வரைபடம் அது.

மட்டத்துக்கு அடுத்தது மண். இங்கேதான் பணமும் செடியும் அதிகம் வீணாகின்றன. பள்ளமான மனையை உயர்த்தச் சவுடு அடிப்பார்கள். அது கிடைக்காவிட்டால், “ரெண்டு லோடு ரப்பிஷ் போட்டா சரியாயிடும் சார்” என்று இடித்த கட்டடத்தின் சிமென்ட் கட்டியும் டைல்ஸ் துண்டும் வந்து இறங்கும். அதன் மேல் ஜேசிபி ஏறி இறங்கும். கடைசியில் கண்துடைப்பாக நாலு அங்குலம் செம்மண். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே செடியின் வேர் சந்திப்பது இறுகிப்போன ஒரு தளத்தை. இரண்டு ஆண்டு பச்சையாக இருந்து மூன்றாம் ஆண்டு கருகும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள், ஒரு கடப்பாரையை எடுத்து அடியில் குத்திப் பார்க்கலாம்.

இயற்கையான அடிமண்ணும் எல்லா இடத்திலும் தண்ணீரை வேகமாகக் குடிப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பாறையடுக்கு நிலவியல் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான இலைகளின் தடங்கள் பதிந்த களிப்பாறை அது. டைனோசர் காலத்துத் தாவரங்கள் அழுத்தமாகப் படிந்து கிடக்கும் மண்ணில் நாம் கொரியன் புல் வளர்க்கிறோம்! தன் மனையில் அடியில் இருப்பது களியா சரளையா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஓரடி அகலத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை நிரப்பியது மறுநாள் காலையிலும் நின்றால், அங்கே வேம்பு வேண்டாம். நீர்மருது, கடம்பு, புங்கன், பூவரசு போன்றவற்றைப் பார்க்கலாம். அல்லது ஓரடி மேடு கட்டி அதன் மேல் நடலாம். களிமண்ணில் குழி வெட்டி அதில் எருவை மட்டும் நிரப்பினால் குழி தொட்டியாகிவிடும். கன்று நீரில் நின்றே அழுகும்.

வேலை தொடங்கும் முன்பே மேல்மண்ணை ஆறு அங்குலம் வழித்து ஒரு மூலையில் குவித்து மூடி வைப்பது நல்ல பழக்கம். பசுமைக் கட்டடச் சான்று கேட்கும் வளாகங்கள் இதைச் செய்தாக வேண்டும், வீட்டுக்காரர்களும் செய்யலாம். அரைக் கிரவுண்டு தோட்டத்துக்கு இது 6 யூனிட், அதாவது 600 கன அடி மண். வெளியிலிருந்து வாங்கினால் என்ன விலை என்று எந்த டிப்பர் ஓட்டுநரும் சொல்வார்.

மரத் தேர்வுக்குப் புயல்கள்தான் தேர்வுக் குழு. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. பூங்காவை வாரக்கணக்கில் மூட வேண்டியிருந்தது. நகரச் சாலைகளில் அதிகம் சாய்ந்தவற்றில் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் உண்டு. வேகமாக வளரும், அகலமாகக் கிளை விடும், கட்டை மென்மையானது. பழியை மரத்தின் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. கேபிளுக்கும் வடிகாலுக்கும் ஒரு பக்க வேரை வெட்டி, மறுபக்கம் அடிவரை சிமென்ட் பூசினால் நாட்டு மரமும் நிற்காது.

ஆரோவில்லின் அனுபவம் இங்கே பயன்படும். 1968இல் அது தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரித்து, ஓடைகளாகப் பிளந்து கிடந்தது. அங்கே முதலில் வரப்பு போட்டு நீரை நிறுத்தினார்கள். பிறகு விரைவாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்காக நட்டார்கள். அந்த நிழலில் வீரை, உலக்கைப்பாலை, காசா போன்ற இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தது. அகேசியாக்கள் ஏராளமாக விழுந்தன. குட்டையாக, அடர்த்தியாக, மெதுவாக வளர்ந்த உள்ளூர் மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அங்கே உருவான பிச்சாண்டிக்குளம் குழுதான் குப்பையும் இடிபாடும் நிறைந்திருந்த அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரை மீட்டெடுக்கத் துணைநின்றது. 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்ட அந்த இடத்திலும் முதல் வேலை இடிபாட்டை அள்ளியதும் நீர்வழியைத் திறந்ததும்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டிய ஆலைகளுக்கு மனையில் 33 சதவீதம் பசுமைப் பகுதியாக வேண்டும் என்பது நெடுநாள் விதிக்கப்பட்டுவந்த நிபந்தனை. அவசரமாகப் பச்சை காட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு காலத்தில் கோனோகார்பஸ் நடப்பட்டது. ஆடு மாடு தின்னாது, வெட்ட வெட்டத் தழைக்கும், ஆறே மாதத்தில் சுவர் போல நிற்கும். அதன் வேர் குழாய்களையும் நடைபாதைகளையும் பெயர்க்கிறது, மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது என்ற புகார்கள் பெருகி, 2023இல் குஜராத்தும் 2025 தொடக்கத்தில் தமிழ்நாடும் தடை விதித்தன. வேலியோர மறைப்புக்கு நொச்சியும் ஆடாதொடையும் இருக்கின்றன. அவற்றையும் ஆடு தொடாது. கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும்.

மேற்கு, தென்மேற்குப் பக்கங்களில் நிழல் மரம் வைப்பது முக்கியம். கோடைப் பிற்பகல் வெயில் சுவரைச் சுடுவது அங்கிருந்துதான். மகிழம், புன்னை, நாவல் எல்லாம் கட்டடத்திலிருந்து பதினைந்து இருபது அடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராமல் இருக்க வேண்டும். நடைபாதையை வரைவதற்கு முன் சில நாட்கள் மனிதர்கள் எப்படிக் குறுக்கே நடக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனிலிருந்து பேருந்துக்கு ஓடுகிற தொழிலாளி, அழகுக்காக வளைத்துப் போட்ட பாதையில் போகமாட்டார். புல்லை மிதித்து அவரே நேர்ப்பாதை போட்டுவிடுவார்.

அந்தப் புல்லைப் பற்றியும் ஒரு கணக்கு. சித்திரை, வைகாசியில் புல்தரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீர் கேட்கும். 1,000 சதுர அடிக்கு அது 465 லிட்டர். மாதத்துக்கு ஒரு லாரிக்கு மேல். உட்காரும், விளையாடும் இடத்தில் மட்டும் புல் போதும். மற்ற இடத்தில் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும், தாழ்வான பகுதியில் வெட்டிவேரும் இருந்தால் செலவு குறையும். ஆலைகளில் சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடுவது வழக்கம். அதில் உப்பு அதிகமிருந்தால் இலை நுனி கருகும். தெளிப்பானைவிடச் சொட்டுநீர்க் குழாய் மேல்.

வேலை வரிசைக்கு வருவோம். முதலில் மண் வேலை, பிறகு தரைக்கடியில் போகும் குழாயும் ஒயரும், அடுத்து நடைபாதை, கல் வேலை. மேல்மண் பரப்புவது அதன் பிறகு. மரம், புதர், புல் அந்த வரிசையில். இந்த வட்டாரத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே கட்டுமானத்தைக் கோடையில் முடித்து, ஆவணி, புரட்டாசியில் கன்று நட்டால், வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் இலவசமாகத் தண்ணீர் ஊற்றும். திறப்பு விழாத் தேதிக்காக மாசியில் நடுகிறவர்கள் அந்தத் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து பத்தடி, பன்னிரண்டடி மரங்கள் லாரியில் வந்து இறங்குகின்றன. உடனே தோப்பு தெரியும், படமும் நன்றாக வரும். ஆனால் பையில் நெடுநாள் இருந்த மரத்தின் வேர் வட்டமடித்துச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் விரியாமலே மரம் பெரிதாகி, ஒரு காற்றில் பிடுங்கிக்கொள்ளும். பையைக் கிழித்து, சுற்றிய வேரை நறுக்கிவிட்டு நட வேண்டும். நான்கைந்து அடிக் கன்று விலையும் குறைவு, வேரும் சீக்கிரம் பிடிக்கும். வேர்க்கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சுற்றிலும் மூன்று அங்குலம் சருகோ தென்னைமட்டைத் தூளோ, தண்டை ஒட்டாமல். முட்டுக்கம்பை ஓராண்டில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு பட்டையை அறுத்துவிடும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. பராமரிப்பு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எழுதப்படுகிறது. ஆவணியில் நட்டால் அடுத்த ஆவணியில் ஒப்பந்ததாரர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு வரும் கோடையில் சாகும் மரத்துக்கு மாற்று மரம் தருபவர் யாருமில்லை. இரண்டாவது கோடை முடியும் ஆனி வரை பராமரிப்பு, பட்டுப்போனவற்றுக்குப் பதில் கன்று, மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாருதல் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி, கடைசித் தவணைப் பணத்தை அதுவரை கையில் வைத்திருப்பதே சரி.