உங்கள் குரலில் ஒரு தமிழ் நூல்: இலவச ஒலிப்புத்தகம் பதிவு செய்வது எப்படி?

திருப்பதி பக்கத்தில் இருக்கும் சந்திரகிரியில், தமிழ் பேசும் வீடுகளில் பாட்டி தமிழில் கேட்டால் பேரன் தமிழிலேயே பதில் சொல்வான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முழிப்பான். பள்ளியில் படித்தது தெலுங்கும் ஆங்கிலமும்தானே? 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சந்திரகிரி, வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. எல்லைகள் மாறின. பேச்சு தங்கிவிட்டது, எழுத்து நழுவிவிட்டது. பெங்களூருவிலும் மும்பையிலும் வளர்ந்த பல தமிழர்களுக்கும் இதே நிலைதான்.

இவர்களுக்குத் தமிழ் இலக்கியம் போய்ச் சேர எளிய வழி காது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அப்படியே. அந்த வேலையை ஆபீஸ் முடிந்த பிறகு, வீட்டில் உட்கார்ந்தே நீங்கள் செய்யலாம்.

எங்கே சேர்வது?

2005-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஹியூ மெக்வயர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ்தான் இதில் பெரிய அமைப்பு. படிப்பவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். அனுபவமோ, 'ரேடியோ குரலோ' கேட்க மாட்டார்கள். பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் சேமிக்கப்படும், யாரும் இலவசமாகக் கேட்கலாம். கணினிக் குரலுக்கு அங்கே இடமில்லை, மனிதர்தான் வாசிக்க வேண்டும்.

எந்த நூலைப் படிக்கலாம்?

பலர் சறுக்குவது இங்கேதான். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. லிப்ரிவாக்ஸ் பார்ப்பதோ அமெரிக்கச் சட்டத்தை. அங்கே பொதுவாக நூல் வெளியாகி 95 ஆண்டுகள் கழிய வேண்டும். 1950-களில் வந்த 'பொன்னியின் செல்வன்' இங்கே நாட்டுடைமை. ஆனால் அந்த 95 ஆண்டுக் கணக்கில் தேறாது.

'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879), 'கமலாம்பாள் சரித்திரம்' போன்றவை பாதுகாப்பான தேர்வு. புதியவர்களுக்கு வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' இன்னும் வசதி. சிறுகதை, அதுவும் மரமே பேசுவதுபோல எழுதியது. கதை சொல்கிற மாதிரியே வாசிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: குறள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் இன்றைய உரையாசிரியரின் விளக்கம் அவருக்குச் சொந்தம். முன்னுரை, அடிக்குறிப்பு, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் இதே விதி. மூலநூல்களைத் தேட, 1998 முதல் தன்னார்வலர்களால் நடக்கும் மதுரைத் திட்டத்தில் தொடங்கலாம்.

என்ன கருவி வேண்டும்?

யூஎஸ்பி மைக் இருந்தால் நல்லது, நல்ல ஹெட்செட்டிலும் தொடங்கலாம். எடிட்டிங்கிற்கு ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். ஃபேனை நிறுத்துங்கள். துணி நிறைந்த அலமாரிப் பக்கம் உட்கார்ந்தால் எதிரொலி குறையும். ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ பக்கத்தில் இருந்தால் விடியற்காலைதான் ஸ்டூடியோ.

முதலில் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு அனுப்ப வேண்டும். எம்பி3, 128 கேபிபிஎஸ், மோனோ, ஒலி அளவு 89 டெசிபல் சுற்றுவட்டத்தில் கேட்பார்கள். சரியாக வரவில்லை என்றால் எப்படித் திருத்துவது என்று மற்ற தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.

வாசிக்கும்போது எதில் கவனம்?

ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், எழுத்தைப் பார்க்காதவருக்கு ஒலிதான் அடையாளம். பழைய உரைநடையில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தப்பு வந்தால் நிறுத்தாதீர்கள். ஒரு முறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். அலைவடிவத்தில் அந்தத் தட்டல் கூர்மையாகத் தெரியும், வெட்டுவது சுலபம்.

குரல் கொடுக்கத் தயக்கமா? பதிவைக் கேட்டு, நூலோடு ஒப்பிட்டு, விடுபட்ட சொல்லைச் சொல்லும் வேலையும் இருக்கிறது. தமிழ்ப் பதிவுக்கு அதைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

எதை விட்டுக்கொடுக்கிறோம்?

இதை யோசித்துவிட்டுச் சேருங்கள். லிப்ரிவாக்ஸில் சேரும் உங்கள் பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடும். நாளைக்கு யாராவது அதை விற்கலாம், விளம்பரத்தோடு போடலாம். உங்களுக்குப் பணம் வராது, திரும்பக் கேட்கவும் முடியாது.

அப்படியென்றால் ஏன் கொடுக்க வேண்டும்? பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒருகாலத்தில் ஏவி. மெய்யப்ப செட்டியார் ஒருவரிடம் இருந்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. இன்று எந்தப் பள்ளி மேடையிலும் அனுமதி கேட்காமல் ஒரு குழந்தை பாரதியைப் பாடுகிறது. சந்திரகிரிப் பேரனும் அப்படியே எந்தச் சந்தாவும் கட்டாமல் கேட்க வேண்டும் என்றால், யாராவது நிபந்தனையில்லாமல் வாசித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த வாரக் கடைசியில் முழு நாவலை எடுக்க வேண்டாம். பிடித்த ஒரு பழைய பத்தி, ஒரு நிமிடம். பதிவு செய்து நீங்களே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.