ஒரு மாத்திரைத் தாமதம்

ராமி அஷூர் ஆடிய பழைய ஆட்டம் ஒன்றின் வீடியோவை, ஒலியை அணைத்துவிட்டு, பந்தைப் பார்க்காமல் எதிராளியின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை ஓடவிட்டேன். எதிரே நிற்பவர் உலகத் தரவரிசையின் உச்சியில் இருப்பவர், சிறுவயது முதல் இதையே தொழிலாகக் கொண்டவர். அவர் வலப்பக்கம் ஓரடி எடுத்து வைக்கிறார். பந்து இடது மூலைக்குப் போகிறது. அடுத்த முறை பின்னால் சாய்கிறார். பந்து முன்சுவரோரம் செத்து விழுகிறது. சில தடவை எந்தப் பக்கமும் போகாமல், காலில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறார். பந்து அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

அஷூர் எகிப்தின் கெய்ரோவில் 1987 செப்டம்பர் 30 அன்று பிறந்தவர். மூன்று முறை ஸ்குவாஷ் உலக சாம்பியன். ரசிகர்கள் வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'கலைஞர்' என்று வரும். நம்மூரில் அந்தப் பட்டத்துக்கு வேறொரு சொந்தக்காரர் இருப்பதால் இங்கே அதைத் தவிர்த்துவிடுகிறேன். பட்டத்தில் எனக்கு வேறொரு குறையும் உண்டு. கலை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்கக்கூடாது என்றாகிவிடுகிறது. அவர் செய்ததில் கேட்கத்தக்க கேள்விகள் நிறைய இருக்கின்றன.

முதலில் அந்தப் பந்து. 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம் எடை, உள்ளே காற்று அடைத்த கறுப்பு ரப்பர் உருண்டை. சாம்பியன்கள் ஆடும் பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருக்கும். புதிதாக ஒன்றை வாங்கித் தரையில் போட்டுப் பார்ப்பவர்கள் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைப்பார்கள். 100 அங்குல உயரத்திலிருந்து விட்டால் சுமார் 12 அங்குலந்தான் எழும்பும். அடிக்க அடிக்க ரப்பர் நசுங்கி விரிகிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. சூடேறிய ரப்பர் இளகும், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடும். ஏறத்தாழ 45 டிகிரியை எட்டும்போது அதே பந்து 26 அங்குலத்துக்கு மேல் எழும்புகிறது. ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் மாறி மாறிப் பந்தை அடிப்பது தங்கள் உடம்பைச் சூடாக்க மட்டுமல்ல, பந்துக்காகவும்தான். அந்தச் சூட்டிலும்கூட டென்னிஸ் பந்துபோல அது துள்ளி வந்து கையில் நிற்காது. மெல்லத் தட்டிவிட்டால் முன்சுவரில் பட்டு, இரண்டு சாண் தள்ளி அடங்கிவிடும். ஆகவே முன்சுவரோரமும் பின்சுவரோரமும் ஒரே அளவுக்கு ஆபத்தான இடங்கள்.

அடுத்தது நேரம். கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நடுவில் கோடுகள் ஆங்கில 'டி' எழுத்தாகச் சந்திக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் ஆட்டத்தின் பாதி. அங்கிருந்து முன்சுவர் ஏறத்தாழ 5.5 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து அந்தத் தூரத்தை 0.13 நொடியில் கடந்துவிடும். கண்ணில் பட்டதை உணர்ந்து கையோ காலோ அசையத் தொடங்கவே மனிதருக்குக் கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகிறது. இடமா வலமா, முன்னா பின்னா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் நீளும். நம் இலக்கணக்காரர்கள் எழுத்தின் ஒலியை அளக்கக் கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் அளவுகோலாக வைத்து, அதற்கு மாத்திரை என்று பெயரிட்டார்கள். ஸ்குவாஷ் வீரரின் வாழ்வும் சாவும் அந்த அளவுகோலுக்குள்தான் நடக்கிறது.

கணக்கு இப்படி இருக்கும்போது நல்ல வீரர்கள் எப்படிப் பந்தை எட்டிப் பிடிக்கிறார்கள்? அவர்கள் பந்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னதி 1990-ல் வெளியிட்ட ஆய்வுகளில் இதைச் சோதித்தார். ஒருவர் பந்தை அடிக்கும் படத்தைக் காட்டி, மட்டை பந்தைத் தொடும் முன்பே படத்தை நிறுத்திவிட்டு, பந்து எங்கே போகும் என்று கேட்டார். தேர்ந்த வீரர்கள் புதியவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். புதியவர்களுக்கு மட்டையின் அசைவிலிருந்துதான் சேதி கிடைத்தது. தேர்ந்தவர்களோ மட்டைக்கும் முன்னால் அசையத் தொடங்கும் கையையே படித்துவிடுகிறார்கள். ராட்டினத்தின் அச்சைப் பார்த்தே தொட்டி எங்கே வரும் என்று சொல்வதைப் போல.

அஷூர் கைவைத்தது இந்த வாசிப்பில்தான். தோளும் முழங்கையும் எல்லா அடிக்கும் ஒரே மாதிரி மேலே போய் நிற்கும். மட்டையை ஓங்கியபடி ஒரு கணம் நிறுத்துவார். ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் இதை 'ஹோல்ட்' என்பார்கள். அதற்குப் பிறகுதான் மணிக்கட்டு முடிவெடுக்கும்: குறுக்கே நீள அடியா, முன் மூலையில் மெல்லிய தட்டலா என்று. எதிராளி படித்துப் பழகிய தோளிலும் முழங்கையிலும் சேதி ஏதும் இல்லை. சேதி வரும்போது அதைப் படிக்க நேரம் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. எதிராளி அடிக்கும் தறுவாயில் ஸ்குவாஷ் வீரர் ஒரு சின்னத் துள்ளல் போடுவார். தரையில் இறங்கும்போது கால் தசைகளும் தசைநாண்களும் இழுபட்டு ரப்பர் வாரைப் போல ஆற்றலைச் சேர்த்து வைக்கும். அந்த இழுவை தளர்வதற்குள் பாய்ந்தால் பாய்ச்சல் வேகமாக வரும். இறங்கிய பிறகு சற்று நின்றுவிட்டால் சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகக் கரைந்துவிடும். பிறகு நின்ற நிலையிலிருந்து புதிதாகக் கிளம்ப வேண்டும். அஷூரின் மட்டை ஒரு மாத்திரை தாமதிக்கும்போது எதிராளியின் துள்ளல் வீணாகப் போய் முடிந்திருக்கும். காலில் ஆணி அடித்தாற்போல் நின்றார்களே, அதன் காரணம் இதுதான். மூளை ஏமாறியது பாதி, காலிலிருந்த வில் தளர்ந்தது மீதி.

இந்த வித்தை எந்த மண்ணில் விளைந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்குவாஷ் எகிப்துக்குப் பிரிட்டிஷாரோடு வந்தது. அம்ர் பே என்ற எகிப்திய ராஜதந்திரி 1933 முதல் 1938 வரை ஆறு முறை தொடர்ந்து பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். மஹ்மூத் கரீம் 1947 முதல் நான்கு முறை. 1960-களின் வெற்றிகளுக்குப் பிறகு நெடுங்காலம் பெரிய வறட்சி. 1996-ல் கீசா பிரமிடுகளுக்கு முன்னால் கண்ணாடிக் கோர்ட் ஒன்றை நிறுத்தி அல் அஹ்ராம் போட்டியை நடத்தினார்கள். அகமத் பராதா என்ற உள்ளூர் இளைஞர் யாரும் எதிர்பாராமல் இறுதிப் போட்டி வரை போய், பாகிஸ்தானின் ஜான்ஷெர் கானிடம் தோற்றார். தோற்றவர்தான் நாயகன் ஆனார். அப்போது அஷூருக்கு எட்டு வயது. அண்ணன் ஹிஷாமோடு ஏற்கெனவே மட்டை பிடித்திருந்தார். 2003-ல் அம்ர் ஷபானா உலக சாம்பியன் ஆனார், எகிப்திய ஆண்களில் முதலாமவர்.

மறு ஆண்டே, 16 வயதில், அஷூர் ஜூனியர் உலக சாம்பியன். 2006-ல் அதை மறுபடியும் வென்றார். அதற்கு முன் எந்த ஆணும் அந்தப் பட்டத்தை இருமுறை வென்றதில்லை. 2008-ல் மான்செஸ்டரில் சக நாட்டவர் கரீம் தர்வீஷைத் தோற்கடித்துப் பெரியவர்களின் உலகப் பட்டம். 2010-ல் தரவரிசையில் முதலிடம். விதிகளும் அவருக்குக் கைகொடுத்தன என்பது என் எண்ணம். தொழில்முறை ஆண்கள் ஆட்டம் 2004 முதல் 11 புள்ளிகளுக்குச் சுருங்கியது. முன்சுவரின் அடியிலுள்ள 'டின்' என்ற தகடும் பழைய 48 சென்டிமீட்டருக்குப் பதில் 43 சென்டிமீட்டராக இருந்தது. சுவரில் அந்த ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைத்தால் மெல்லத் தட்டுகிறவனுக்குக் கொண்டாட்டம். ஓடவைத்துக் களைக்கவைக்கும் பழைய பாணி வேறு விதிகளில் அவரை இன்னும் கஷ்டப்படுத்தியிருக்கும்.

ஆனால் கடைசியில் அவரைக் கஷ்டப்படுத்தியது பாணி அல்ல, தொடையின் பின்புறம். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் மூன்று தசைகளும் உட்காரும் எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை போகின்றன. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு என இரண்டையும் கடப்பதால் இரண்டு பக்கமிருந்தும் இழுபடும். முன் மூலைக்கு நீளமாகக் காலை வீசி எட்டும்போது இடுப்பு மடங்கும், முழங்கால் நீளும். நீண்டுகொண்டிருக்கும் அந்தத் தசையே சுருங்கி பிரேக் போடவும் வேண்டும். நார்கள் கிழிவது பெரும்பாலும் இப்படி நீளும்போது சுருங்குகையில்தான். கிழிந்த இடத்தில் தழும்பு விழும். தழும்புக்குத் தசையின் நெகிழ்வு கிடையாது. ஒருமுறை கிழிந்த தொடை மறுபடி கிழிவதற்குப் பழைய காயத்தைவிடப் பெரிய முன்னறிவிப்பு இல்லை. எதிராளியைத் தாமதத்தால் மாட்டவைத்தவரின் சொந்த ஆட்டம் முழுக்கத் திடீர்ப் பாய்ச்சல்களால் ஆனது. டி-யில் எல்லோரையும்விட முன்னால் நின்று, கால் சரியாக அமைவதற்குள்ளேயே பந்தைத் தரையில் விழவிடாமல் அடிப்பார். அந்த அவசரத்தின் விலையைத் தொடை கொடுத்தது.

2012-ல் தோஹாவில் தன்னைவிட இளையவரான முகமது எல் ஷோர்பகியை ஐந்து கேம்களில் வென்று இரண்டாம் உலகப் பட்டம். 2014 நவம்பரில் அதே ஊர், அதே எதிராளி. அதற்கு முன் அரை ஆண்டு காயத்தோடு வீட்டில் இருந்தவர் அஷூர். 13-11, 7-11, 5-11, 11-5, 14-12 என்று வென்றார், மூன்றாம் உலகப் பட்டம். கடைசி கேம் அவ்வளவு நீண்டது என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் அந்தத் தொடை எத்தனை முறை பிரேக் போட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2016-ல் உலகச் சாம்பியன்ஷிப் கெய்ரோவுக்கே வந்தது. இறுதி ஆட்டத்தில் சக எகிப்தியர் கரீம் அப்தெல் கவாதுக்கு எதிராக முதல் கேமை 11-5 என்று எடுத்தார். அடுத்த இரண்டையும் இழந்தார். நான்காவதில் 1-2 என்று இருக்கும்போது கால் ஒத்துழைக்கவில்லை. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 2019 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு 31 வயது, கையில் 40 பட்டங்கள். ஒலிம்பிக்கில் ஆடும் வாய்ப்பு மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை: ஸ்குவாஷ் அங்கே முதன்முறையாக 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் நுழைகிறது.

அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டு, மட்டை மேலே நிற்கும் கணத்தில் நிறுத்தினேன். அஷூரின் தோள், முழங்கை, மட்டை முகம் மூன்றையும் வெகுநேரம் பார்த்தேன். இடது மூலைதான் என்று முடிவு செய்து பொத்தானை அழுத்தினேன். பந்து வலப்பக்கம் போனது.